ஆ காட்டு அக்கா

பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வட்டாரத்துக்கே அவள் ‘ஆ காட்டு அக்கா’. கடைத்தெருவில் அவள் நடந்து போனால் பொடிசுகள் எதிரே வந்து நின்று வாயை அகலத் திறந்து காட்டிவிட்டு ஓடும். அவளும் லேசில் விடமாட்டாள். தக்காளி பொறுக்கிக்கொண்டே, “டேய், கீழ்ப்பல்லு ஆடுது, நாக்கால நோண்டாத!” என்று ஓடுகிற ஒன்றின் முதுகுக்குப் பின்னால் கத்துவாள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. முதல் தடவை வருகிற குழந்தைக்கு எதுவும் செய்யமாட்டார்கள். நாற்காலியில் ஏற்றி, பட்டனை அமுக்கி, மேலேயும் கீழேயுமாக ஒரு சவாரி. பிறகு சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்து, “உன் வாய்க்குள்ள எத்தனை பேரு குடியிருக்காங்க, எண்ணிப் பாக்கலாமா?” என்று ஒரு எண்ணிக்கை. அவ்வளவுதான், இறங்கி வீட்டுக்குப் போகலாம். முதல் பல் எட்டிப் பார்த்ததுமே பிள்ளையைக் கூட்டி வந்துவிட வேண்டும், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து போக வேண்டும், வலி என்றால் என்னவென்று தெரிவதற்கு முன்னால் நாற்காலி பழகிவிட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்சி. அந்த முதல் வருகைக்கு ‘சும்மா நாள்’ என்று பேர் வைத்தவள் ஆ காட்டு அக்காதான்.

பேர் வைத்ததுதான் மிச்சம். சும்மா வர யாருக்கு நேரம் இருக்கிறது?

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் வீடு வீடாகப் போன் போட்டு நினைவுபடுத்துவது அவள் வேலை. “வலியே இல்லையேம்மா, எதுக்கு வரணும்?” என்பார்கள். “வலி இல்லாததாலதான் சார் வரச் சொல்றோம்” என்பாள். மறுமுனையில் ஒரு சிரிப்பு கேட்கும், ஏதோ ஆள் பிடிக்கிற ஏஜெண்டிடம் சிரிப்பதுபோல. அதற்குப் பிறகு வரும் பாருங்கள் அந்த வசனம்: “பால் பல்லுதானேம்மா. எப்படியும் விழத்தானே போகுது.”

இதைக் கேட்டாலே அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறும். விழப்போகிறதுதான், யார் இல்லை என்றது? கடைவாய்ப் பால் பல் விழுவதற்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகும். அதுவரைக்கும் பிள்ளை எதை வைத்து மெல்லும், அப்பன் பல்லை வைத்தா? இதை வாய்விட்டுக் கேட்க முடியாது. “சரிங்க சார், யோசிச்சுச் சொல்லுங்க” என்று போனை வைப்பாள். சில மாதம் கழித்து அதே சார், கன்னம் வீங்கி அலறுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்து, “மேடம், ஏதாவது பண்ணுங்க மேடம்!” என்று நிற்பார். அந்த வலியோடு நாற்காலியைப் பார்க்கிற பிள்ளை ஜென்மத்துக்கும் அதில் ஏறாது. கையைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டியவள் அவள். கடி வாங்குகிறவளும் அவள்தான்.

இதெல்லாம் ஊராருடைய வாய். சலித்துக்கொள்ளலாம், மனசுக்குள் திட்டலாம், சாயங்காலம் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிளம்பிவிடலாம். அவளுடைய நிஜமான தலைவலி வீட்டில் இருந்தது. அதற்கு நாலு வயது. எல்லோரும் வாண்டு என்று கூப்பிடுவார்கள்.

வாண்டு, அவள் பெற்ற பெண், ஒரு தடவைகூட ‘சும்மா நாளு’க்கு வந்ததில்லை. முதல் பல் முளைத்தபோது, “நம்ம ஆஸ்பத்திரிதானே, எப்ப வேணா கூட்டிட்டுப் போலாம்” என்று இருந்துவிட்டாள். அப்புறம் காய்ச்சல், மழை, லீவு போட மாற்று ஆள் இல்லை, இன்னொரு மழை. வேறு யாருடைய ஆஸ்பத்திரியாவது என்றால் தேதி வாங்கியிருப்பாள். தினமும் தானே சாவி போட்டுத் திறக்கிற இடத்துக்கு யார் தேதி வாங்குவார்கள்?

ஒரு நாள் சாயங்காலம் வாண்டுக்குப் பல் தேய்த்துவிடும்போது, மேல் கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் டீக்கறை மாதிரி ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. இன்னொரு தடவை பார்க்கலாம் என்று குனிந்தாள். வாண்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது.

“அம்மா பாக்கறேன்டா செல்லம். ஆ காட்டு.”

“மாட்டேன். நீ புடுங்குவ.”

“யாரு சொன்னா?”

“அத்தை.”

அத்தை என்றால் அவளுடைய நாத்தனார், வீட்டுக்காரருடைய தங்கை. ஜன்னல் ஓரத்தில் தையல் மிஷின் போட்டுக்கொண்டு பகலெல்லாம் அங்கேதான் இருப்பாள். வாண்டைக் குளிப்பாட்டுவது, சாப்பிட வைப்பது, தூங்க வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. தங்கமான பெண். அவள் மட்டும் இல்லையென்றால் ஆ காட்டு அக்கா வேலைக்கே போக முடியாது. அதனால்தான் கோபம் தொண்டை வரைக்கும் வந்தும் அவள் குரலைத் தணித்துக்கொண்டு போய்க் கேட்டாள்.

“ஏன்மா, குழந்தைகிட்ட என்ன சொல்லி வச்சிருக்க?”

நாத்தனார் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே நிமிர்ந்தாள். “நான் என்ன பண்றது அண்ணி? ஒரு வாய் வாங்கறதுக்குள்ள என் உயிரு போகுது. ‘சாப்பிடலன்னா அம்மா கிடுக்கி எடுத்துட்டு வந்து பல்லப் புடுங்கிடுவா’ன்னு சொன்னாத்தான் வாயத் தொறக்குது. உங்க பேருக்கு அப்படி ஒரு மரியாதை!”

ஊரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் அவள் பேரைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு வாயைத் திறக்கின்றன. பெற்ற பிள்ளை அவள் பேரைக் கேட்டு நடுங்கிக்கொண்டு வாயைத் திறக்கிறது. “இனிமே அப்படிச் சொல்லாதம்மா” என்றாள். “சரி அண்ணி” என்றாள் நாத்தனார். மறுநாள் காலையில் ரொட்டித் துண்டை வலது கன்னத்தில் ஒதுக்கி மென்றுகொண்டே அவள் செருப்பை மாட்டும்போது, உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது: “அம்மா போறா பாரு, கூப்பிடட்டுமா? கூப்பிடட்டுமா?” அவள் தலையில் அடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

கணக்கு அவளுக்குத் தெளிவாகத் தெரியும். இப்போது பார்த்துவிட்டால் அந்தப் பழுப்புக் கோட்டைச் சுத்தம் பண்ணிப் பசை வைத்து அடைத்துவிடலாம், வேலை முடிந்தது. விட்டால் வேருக்கு இறங்கும். வேருக்கு இறங்கினால் ஒருவேளை பிடுங்கத்தான் வேண்டியிருக்கும். அப்படிப் பிடுங்கினால் அத்தை சொன்னது அத்தனையும் உண்மையாகிவிடும். அதற்குப் பிறகு வாண்டு யாரை நம்பும்?

ஒரு நாள் பொறுத்தது போதும் என்று தானே தூக்கிக்கொண்டு போனாள். வழியெல்லாம் நாற்காலிச் சவாரியைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னாள். வாண்டும் அரை மனசாகத் தலையாட்டிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் சரி. வரவேற்பறை பெஞ்சு வரைக்கும்கூடச் சரி. உள்ளறையில் குழந்தையை நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அவள் திரும்பினாள். கை தானாகப் போய் முகமூடியை எடுத்து மாட்டியது. கையுறையை இழுத்துப் போட்டது. இத்தனை வருடப் பழக்கம், கை கேட்டுக்கொண்டா செய்யும்?

அவள் திரும்பிப் பார்த்தபோது வாண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றது. அத்தை வர்ணித்த ஆள் அச்சு அசலாக எதிரே நிற்கிறாள். அம்மாவின் கண் மட்டும் அதில் இருக்கிறது.

“வேணாம்மா!” என்று வீறிட்டது வாண்டு. “நான் சாப்புட்டுடறேன்! எல்லாத்தையும் சாப்புட்டுடறேன்! இனிமே துப்பமாட்டேம்மா!”

அந்தச் சத்தத்தில் வரவேற்பறையில் இருந்த ஒரு பையன் அழ ஆரம்பித்தான். அதைப் பார்த்து இன்னொன்று. ஒரு அப்பா தன் மகளைத் தூக்கிக்கொண்டு, “இன்னொரு நாள் வரோம்” என்று நழுவினார். பெஞ்சில் இருந்த அம்மாக்கள் எல்லாம் ஆ காட்டு அக்காவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், வீட்டில் இந்தப் பிள்ளையை என்ன பாடு படுத்துகிறாளோ என்று. அவளுக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. முகமூடியைக் கழற்றி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்பக்கத்து வழியாக வெளியே வந்தாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. “கட்டாயப்படுத்தாத” என்றார். “ஆனா ரொம்ப நாள் விட்டுடாத. உனக்கு நான் சொல்லணுமா?”

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் வேறொரு காட்சி. டயர் கடை வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு மேனேஜர்.

மேனேஜர் என்பது நாய். எந்த வேலையும் செய்யாது, எல்லோரும் செய்கிற வேலையை உட்கார்ந்து பார்க்கும் என்பதால் அந்தப் பேர். வீட்டுக்காரர் ஆள்காட்டி விரலில் ஈரத்துணியைச் சுற்றி, நாய்க்கென்று விற்கிற பேஸ்ட்டைத் தடவி, அதன் உதட்டைத் தூக்கி ஒவ்வொரு பல்லாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதுவோ கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் கிடந்தது. குட்டியாக முதல் ஊசிக்குக் கொண்டுபோனபோதே நாய் டாக்டர் சொல்லிவிட்டாராம், வாயில் விரல் வைத்துப் பழக்கிவிடுங்கள், அப்போதைக்கப்போது கொண்டுவந்து காட்டுங்கள் என்று. கடைக்குப் போனால் பாதிச் சாமானை மறந்துவிட்டு வருகிற மனிதர் இதை மட்டும் மறந்ததே கிடையாது.

அவள் வாண்டை இறக்கிவிட்டு அங்கேயே நின்றாள். பற்றிக்கொண்டு வந்தது.

“நாய்க்குத் தவறாம பல்லப் பாக்கத் தெரியுது. பெத்த பொண்ணுக்குப் பாக்கத் தெரியல.”

அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. வெள்ளந்தியாக நிமிர்ந்தார். “இவனுக்கு என்னம்மா, குட்டியிலேயே பழக்கிட்டோம். அதான் பயமே இல்ல. பெருசானப்புறம் ஆரம்பிச்சிருந்தா கைய விட்டிருக்க முடியுமா? கடிச்சு வச்சிருப்பான்.”

“அதத்தானேங்க நான் ஊரெல்லாம் கரடியா கத்திக்கிட்டு இருக்கேன்!”

அவள் போட்ட சத்தத்தில் மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. உள்ளே தையல் மிஷின் நின்றது. வீட்டுக்காரர் துணியைப் பிழிந்து வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “உங்க ஆஸ்பத்திரிதானே. நீ எப்பவோ கூட்டிட்டுப் போயிருப்பன்னு நெனச்சேன்.”

அவள் விருட்டென்று திரும்பினாள். உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேனேஜரை நாய் டாக்டரிடம் காட்டுகிற முறை. வாண்டும் கூட வருவேன் என்று அடம் பிடித்ததால் வீட்டுக்காரர் இரண்டையும் கூட்டிக்கொண்டு போனார். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்ததும் வாண்டு நேராகக் குழாயடிக்கு ஓடி வந்தது. கண்ணெல்லாம் விரிந்திருந்தது.

“அம்மா, டாக்டர் மாமா மேனேஜர் உதட்டத் தூக்கிப் பாத்தாரு. எல்லாப் பல்லையும் பாத்தாரு. லைட் அடிச்சுப் பாத்தாரு.”

“அப்புறம்?”

“அவ்ளோதான். பிஸ்கெட் குடுத்தாரு.”

“புடுங்கலையா?”

“ம்ஹூம். சும்மாதான் பாத்தாரு.”

கையிலிருந்த ஈரத்துணியை அவள் ஓங்கிக் கல்லில் அடித்தாள். எத்தனை நாளாகச் சொல்கிறாள்! பொம்மை காட்டிச் சொன்னாள், பாட்டாகப் பாடிச் சொன்னாள், தன் வாயைத் திறந்து காட்டிச் சொன்னாள். ஒன்றும் ஏறவில்லை. நாய் ஒரு தடவை உதட்டைத் தூக்கிக் காட்டியது, ஏறிவிட்டது. சந்தோஷப்படுவதா, அழுவதா?

“அப்ப நீயும் வரியா? சும்மா?”

வாண்டு யோசித்தது. “மேனேஜரும் வரணும். அப்பா மொதல்ல ஒக்காரணும். அப்புறம் நான்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “நீ உள்ள வரக்கூடாது” என்றது.

வலித்தது. வலித்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. “சரி” என்றாள்.

இந்த ஏற்பாட்டைக் கேட்டு முகம் வெளுத்தவர் வீட்டுக்காரர்தான். வாழ்க்கையில் பல் டாக்டர் என்று ஒருவரிடம் போகாதவர். அவளைக் கொண்டுவந்து விடும்போதுகூட வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்துகிறவர். “நான் எதுக்கு? எனக்கு வலியே இல்லையே” என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார்.

போகிற அன்று அவள் லீவு போட்டுவிட்டு, சீருடை இல்லாமல், வரவேற்பறைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கே உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமே இல்லை. பெஞ்சு ஒரு பக்கம் ஆடியது. கதவுக்கு மேலே ஒட்டடை இருந்தது. வாசலில் கட்டிப்போட்டிருந்த மேனேஜர் வருகிறவர் போகிறவரை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் நாற்காலி மோட்டாரின் உறுமல் கேட்டது. அப்புறம் வீட்டுக்காரரின் “ஆ…” அதற்குப் பின்னால் வாண்டின் கெக்கெக்கே என்ற சிரிப்பு. மறுபடி மோட்டார். டாக்டரம்மா எண்ணுகிற குரல். அவள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே அந்த எண்ணிக்கையைக் கூடவே எண்ணினாள். பாதியில் அழுகை கேட்கும், கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை.

ஊரெல்லாம் வாயைத் திறக்க வைக்கிறவள், தன் பிள்ளை வாயைத் திறக்கும்போது கதவுக்கு வெளியே இருக்கிறாள். அதை நினைத்தபோது யார் மேலே என்று தெரியாமல் ஒரு ஆத்திரம் வந்தது.

கதவு திறந்தது. டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். “சின்னதுதான். அடைச்சுடலாம், புடுங்கற பேச்சே இல்ல. அடுத்த வாரம் கூட்டிட்டு வா. வருவா, பயமில்ல.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “உன் வீட்டுக்காரருக்குத்தான் நாலு பல்லுல வேலை இருக்கு” என்றார். பின்னால் நின்ற வீட்டுக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இளித்தார்.

அவள் முறுக்கிய தலைப்பை விட்டாள். பெஞ்சிலேயே உட்கார்ந்து மூச்சு விட்டாள். வாண்டு கையில் சின்னக் கண்ணாடியோடு ஓடி வந்து அவள் முழங்காலுக்கு நடுவே நின்றது.

“அம்மா, ஆ காட்டு.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வாயைத் திறக்கப் போனவள், பாதியில் நிறுத்தினாள். இடது பக்கம் கீழே, கடைசிக்கு முந்தின பல். குளிர்ந்த தண்ணீர் பட்டால் மண்டைக்குள் மின்னல் அடித்து எத்தனை மாதம் ஆகிறது? அந்தப் பக்கம் மெல்லுவதையே விட்டுவிட்டாள். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற இத்தனை வருடத்தில் அதில் ஒரு தடவை ஏறி உட்கார்ந்ததில்லை. நம்ம ஆஸ்பத்திரிதானே, எப்ப வேணா பார்த்துக்கலாம்.

வாண்டு விடவில்லை. பிஞ்சு விரலால் உதட்டை இழுத்து, கண்ணாடியை விட்டுப் பார்த்தது.

“ஓட்டை!” என்று அலறியது. “டாக்டரம்மா, அம்மாவுக்குப் பெரிய ஓட்டை! கறுப்பு ஓட்டை!”

“வாய மூடுடி!” என்றாள் அவள்.

வாண்டு டப்பென்று வாயை மூடிக்கொண்டது. கண்ணாடி பிடித்த கை கீழே இறங்கியது. உதடு இரண்டையும் உள்ளே மடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தது. அவள் குனிந்து அதன் கன்னத்தைத் தொட்டாள். “இல்லடா, இல்லடா செல்லம். அம்மா தெரியாம சொல்லிட்டேன். தொற, தொற.” வாண்டு திறக்கவில்லை. கண்ணாடியை மட்டும் நீட்டி உள்ளறையைக் காட்டியது.

“சும்மா போய் ஒக்காந்துட்டு வாயேன்” என்றார் வீட்டுக்காரர். குரலில் அப்படி ஒரு குஷி. கொல்லலாம் போல இருந்தது அவளுக்கு.

எழுந்து போனாள். தினமும் துடைத்துப் பளபளவென்று வைக்கிற நாற்காலி, ஏறிப் படுத்தபோது வேறு ஏதோ போல் இருந்தது. விளக்கு நேராகக் கண்ணில் அடித்தது. இத்தனை நாள் எத்தனை பேர் கண்ணில் அதைத் திருப்பிவிட்டிருப்பாள்! இரண்டு கையும் தாமாகவே நாற்காலிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டன.

வாண்டு பின்னாலேயே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. காதோரம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் தைரியம் சொன்னது.

“பயப்படாதம்மா. நீ சாப்புடலன்னாத்தான் புடுங்குவாங்க.”